அரை மணி வெளிச்சம்

ஏழரை ஆனதும் வளர்மதி விளக்குப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். எட்டு மணி வரைக்கும் ருக்மணி இந்த நாற்காலியை விட்டு அசையக் கூடாது. ஈரோட்டு டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் நர்சம்மா பார்த்து எழுதியது போதும், இருபத்தெட்டாவது நாளில் வீட்டு ஆள் ஒருத்தர் அரை மணியும் கூடவே உட்கார்ந்து, நோயாளி தூங்கி விழுகிறாரா, எரிச்சல்படுகிறாரா, கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துத் தாளில் எழுதி எடுத்துவர வேண்டும், அதை வைத்துத்தான் இந்த வெளிச்ச வைத்தியத்தை மேற்கொண்டு தொடர்வதா என்று சொல்ல முடியும் என்று. வீட்டு ஆள் என்றால் வேறு யார் இருக்கிறார்கள்? மகள் நளினி பெங்களூரில். கோபிசெட்டிபாளையத்து மாடி வீட்டில் மிச்சம் இருப்பது ருக்மணி ஒருத்திதான். ஆகவே மடியில் அட்டை, அட்டைமேல் தாள், கையில் பேனா என்று பரீட்சைக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். எதிரே சாப்பாட்டு மேசைமேல் பெட்டி நின்றது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அதிலிருந்து வந்ததோ அறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளை. அதற்கு ஒன்றரை அடி தள்ளி அவளுடைய புருஷன் சென்னியப்பன், எழுபத்தாறு வயசு, முப்பத்தைந்து வருஷம் இதே வீட்டின் கீழ்த்தளத்தில் சென்னி ஸ்டுடியோ நடத்தியவர், நாலு வருஷமாக மறதி நோயில் கிடப்பவர், இட்லியை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேங்காய்ச் சட்னி கடைவாயில் இறங்கித் தாடைக்கு வந்துவிட்டது. பக்கத்து ஸ்டூலில் வளர்மதி. ஏஜென்சியிலிருந்து வரும் நர்ஸ், முப்பத்தாறு வயசு, சத்தியமங்கலத்துக்காரி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். “மொகத்தக் கொஞ்சம் நிமித்துங்கய்யா, லைட்டு கண்ணுல படோணும்” என்று அவருடைய தாடைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினாள். ருக்மணிக்கு வயிற்றைப் பிரட்டியது. சட்னியைப் பார்த்தா, அந்த இரண்டு விரலைப் பார்த்தா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

சட்னி என்றே வைத்துக்கொண்டாள். சட்னி என்றால் சுலபம். ஆறு மணிக்கு அவளே அரைத்தது, பாத்திரத்தில் இருந்தவரை நல்ல சட்னிதான், இந்த மனுஷன் வாய்க்குள் போய் வெளியே வந்ததும் எச்சிலோடு குழைந்து வேறு ஏதோ ஆகிவிட்டது, அதைப் பார்த்த பிறகு இன்றைக்கு அவளால் ஒரு வாய் சாப்பிட முடியாது. நாலு வருஷமாக இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டிலிருந்து கழன்றுகொண்டே போகிறது. முதலில் தயிர், அப்புறம் பருப்பு, இப்போது தேங்காய். துவைத்துக் காயப்போட்ட துண்டிலும் அவர் வாடை. அவள் புடவையிலும், தலையணையிலும், குளித்துவிட்டு வந்து முந்தானையை மோந்து பார்த்தால் அங்கேயும் அதே மூத்திரமும் பவுடரும் கலந்த புளிப்பு. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒரே பாட்டு. “கொழந்த மாதிரி ஆயிட்டாரு, பாவம்.” குழந்தையாம். எந்தக் குழந்தைக்குக் காதில் கற்றை கற்றையாக மயிர் முளைத்திருக்கிறது? எந்தக் குழந்தை துணி மாற்ற வருகிறவளைக் காலால் எத்திவிட்டுத் தேவடியாள் என்கிறது? அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் காபியைப் பாதியோடு வைத்துவிட்டுப் போவார்கள், டம்ளர் மேல் அவர்களுக்கும் சந்தேகம். ருக்மணி அந்த மீதிக் காபியைத் தொட்டியில் கொட்டும்போது அவர்களையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும் போலிருக்கும். அருவருப்பு என்பது ஒரு நாளில் வந்துவிடவில்லை. வந்துவிட்டது என்று தெரிந்தபோது அது பழையதாகவே இருந்தது, எங்கேயோ முன்னாலேயே பழக்கமானது போல. இந்த இடத்தில் மனசு போய்த் தடுக்கியது. எங்கே பழக்கம்? போதும், தாளைப் பார். அமைதி, எரிச்சல், தூக்கக் கலக்கம், மற்றவை. நாலு கட்டம். மணி ஏழு முப்பத்தைந்து.

அமைதி என்ற கட்டத்தில் ஒரு டிக் போடலாம். அமைதியாகத்தான் இருக்கிறார். இந்தப் பெட்டியை அவள் குறை சொல்லக் கூடாது, சொன்னால் நாக்கு அழுகிவிடும். பெட்டி வருவதற்கு முன்னால் ஐந்து மாசம் அவள் தூங்கவில்லை. பொழுது சாய்ந்தால் போதும், அவருக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடும். இல்லாத கேமரா பையைத் தேடுவார், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, பவானியில் கல்யாண ஆர்டர், பஸ் போய்விடும் என்று கதவைப் பிடித்து உலுக்குவார், குறுக்கே நின்றால் அடிப்பார். விடிகிறவரை அதுதான். பகலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார், அப்போது இவளுக்குத் துணி துவைக்கிற வேலை. ஒருநாள் நின்றுகொண்டே தூங்கிவிட்டுச் சமையலறையில் விழுந்தாள், நெற்றியில் மூன்று தையல். அதற்குப் பிறகுதான் நளினி பெங்களூரில் யாரையோ விசாரித்து, ஈரோட்டு டாக்டரிடம் பேசி, இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பி, ஏஜென்சியில் சொல்லி வளர்மதியையும் ஏற்பாடு செய்தாள். டாக்டர் முதலில் அவருடைய கண்ணைச் சோதித்துவிட்டுத்தான் சரி என்றார். “மறதி இதனால திரும்பாதுங்கம்மா, அந்த ஆசையே வேண்டாம். காலைல வெளிச்சம் நல்லா கண்ணுல பட்டா ஒடம்புக்குப் பகல் எது ராத்திரி எதுன்னு பிடிபடும். தூக்கம் சீராகலாம், சாயங்கால ரகளை கொறையலாம், மொகம் தெளியலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். பாப்போம்.” கேட்டது. பத்தாம் நாள் ஒன்பதரைக்குப் படுத்தவர் நாலரைக்குத்தான் எழுந்தார். ருக்மணியும் ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, பல் விளக்கக்கூடப் போகாமல், பெட்டியின் முன்னால் நின்று கும்பிட்டாள். வெட்கமில்லாமல் கும்பிட்டாள். எதைக் கொடுத்தாவது இந்தத் தூக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னத்தைக் கொடுக்கப் போகிறோம் என்று நினைக்கவில்லை.

அவர் முதுகை நிமிர்த்தினார். இது தானாக நடந்தது, வளர்மதி தொடவில்லை. இட்லியை ஒருவழியாக முழுங்கிவிட்டு, வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கினார். ருக்மணியின் உடம்பு கூசியது. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். பகல் முழுக்க, சாயங்காலம் முழுக்க மூட்டை மாதிரி சரிந்து கிடக்கிற உடம்பு இந்த அரை மணி மட்டும் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிறது. வெள்ளை வெளிச்சம், பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் ஒரு பெண்பிள்ளை. வேறென்ன வேண்டும் அவருக்கு? போன வாரம் நளினி வீடியோவில் பார்த்துவிட்டு, “அப்பா பளிச்சுன்னு இருக்காரும்மா, பழைய அப்பா மாதிரி” என்றாள். பழைய அப்பா. ருக்மணி சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தாள். இதை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாளா? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றபோது, அந்த நிமிர்ந்த முதுகையும் மடியிலிருந்து எழும்பிய கையையும் பார்த்தாளே. பார்த்துவிட்டு உள்ளே போனாளே. போய்க் குழாயைத் திறந்துவிட்டாளே, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாளே. அன்றிலிருந்து ஏழரை அடித்தால் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது. வளர்மதிதான் இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள், அதற்குத்தானே வருகிறாள். சீ. இப்படி ஒரு நினைப்பு எத்தனை சுளுவாக வருகிறது, எண்ணெய் போட்ட கதவு மாதிரி.

அந்தக் கதவுகூட இல்லை அப்போது ஸ்டுடியோவில், பச்சைத் திரைதான். முன்னறையில் அவள், திரைக்குப் பின்னால் அவர். சென்னி ஸ்டுடியோவின் கேமரா ராசியான கேமரா என்று பேர். இங்கே பொண்ணு போட்டோ எடுத்தால் மூன்று மாசத்தில் வரன் முடிந்துவிடும் என்று அந்தியூர், நம்பியூர், புளியம்பட்டி வரைக்கும் பேச்சு. செவ்வாய், வெள்ளி என்றால் பெஞ்சு கொள்ளாது, இருபது வயசு, இருபத்திரண்டு வயசுப் பெண்கள், கூடவே அம்மாக்காரிகள். அலங்காரம் ருக்மணியின் பொறுப்பு. தலை வாரி, பவுடர் போட்டு, கவரிங் செட் மாட்டி, முந்தானையை மடித்து இடது தோளில் இரண்டு ஊக்குக் குத்தி அனுப்புவாள். அம்மாக்காரி பின்னாலேயே எழுந்தால் உள்ளேயிருந்து குரல் வரும். “அம்மாவ உக்காரச் சொல்லு ருக்கு. அம்மா பக்கத்துல நின்னா பொண்ணுக்குச் சிரிப்பு வராது, பயந்தான் வரும்.” உடனே இவள் அம்மாக்காரியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, காபி கொடுத்து, கல்யாண ஆல்பத்தை மடியில் விரித்து, எந்த ஊர், எத்தனை ஏக்கர், மூத்தவளுக்கு எங்கே கொடுத்தீர்கள் என்று பேச்சுக் கொடுப்பாள். நன்றாகவே பேசுவாள், கலகலப்பான அம்மணி என்று பேர் வாங்கியிருக்கிறாள். உள்ளே அவர் குரல் மட்டும் கேட்கும். தாடையை எறக்கு அம்மணி. தோளை லூசா விடு. இப்படி இல்ல, இப்படி. அப்புறம் கொஞ்ச நேரம் குரல் கேட்காது. குரல் கேட்காத நேரத்தில் ருக்மணி இன்னும் சத்தமாகப் பேசுவாள்.

டி.என்.பாளையத்துப் பெண் ஒருத்தி, டீச்சர் டிரெய்னிங் முடித்தவள், பேர் சகுந்தலாவோ சரோஜாவோ. போனபோது தோளில் இரண்டு ஊக்கு, வந்தபோது ஒன்று. குத்தினவளுக்குத் தெரியாதா? அந்தப் பெண் இவள் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. இவளுடைய முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், அம்மாக்காரி வா வா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுத்துக்கொண்டு போகிறவரை பார்த்தாள். ருக்மணி குனிந்து கவரிங் செட்டைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். பிரிண்ட் போட்டு வந்ததும் அந்தப் படத்தைக் கண்ணாடி அலமாரியில் மாட்டினார் அவர். எல்லாப் படத்திலும் ஒரே பார்வை, அதைச் சென்னி ஸ்டுடியோ பார்வை என்றே சொல்வார்கள். பெண் கேமராவைப் பார்க்காது, கண் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். என்ன அடக்கம், என்ன வெட்கம், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை பாருங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொக்கிப்போவார்கள். ராசியே அந்தப் பார்வையில்தான் என்று அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். ருக்மணிக்கு மட்டும் தெரியும், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று. அந்தப் பக்கம் பச்சைத் திரை. திரைக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். அத்தனை பெண்களும் அவள் வருவாளா என்றுதான் பார்த்திருக்கிறார்கள். மணி ஏழு நாற்பத்தேழு.

“அய்யா, தண்ணி குடிங்க” என்றாள் வளர்மதி. அவர் குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது. வளர்மதி துண்டால் ஒற்றினாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற முகம். நளினிக்குத் தெரியுமா? இது எங்கிருந்து வந்தது என்று ருக்மணி திடுக்கிட்டாள். நளினிக்கு இருபத்துநாலு வயசில் வரன் பார்க்க ஆரம்பித்தபோது, ராசியான கேமரா வீட்டிலேயே இருக்க, “நான் ஈரோட்ல எடுத்துக்கறேம்மா, அங்க கலர் நல்லா வருது” என்று சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரு வாரம் கோபம், ருக்மணிக்கும் கோபம், ஊரெல்லாம் நம்ம வாசலில் வந்து நிற்கிறது, உனக்கென்ன கொழுப்பு என்று அறைந்தேவிட்டாள். நளினி அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அவ்வளவுதான். அது சகுந்தலாவோ சரோஜாவோ பார்த்த பார்வையேதானே? அல்லது இந்தப் பாழாய்ப்போன வெளிச்சத்தில் எல்லாப் பார்வையும் ஒன்றாகத் தெரிகிறதா? பெங்களூரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், பேத்தியைத் தாத்தா பக்கத்தில் தனியாக விட்டதில்லை. ஐயோ, விட்டதே இல்லை. ருக்மணி பேனாவை இறுக்கிப் பிடித்தாள். எழுது. டாக்டர் கேட்டதை எழுதிவிட்டு எழுந்திரு. எப்படி எழுதுவது என்று தெரியாமல், வளர்மதி எழுதின மாதிரியே எழுதிவிடலாம் என்று அட்டைக்குக் கீழே இருந்த பழைய தாள்களைப் புரட்டினாள். நாளுக்கு ஒன்று, இருபத்தேழு தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டார் கையெழுத்து என்ற இடத்தில் எஸ். ருக்மணி, எஸ். ருக்மணி. அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து, படிக்காமல் போட்ட கையெழுத்து, சில தாளில் மை கலைந்திருந்தது. முதல் பதினோரு நாள் ‘மற்றவை’ கட்டத்தில் ஒரு கோடு. பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு வார்த்தை. கை. பதின்மூன்று, கை. பதினாலு, கை. பத்தொன்பது, கை, தோள். அப்புறம் எல்லா நாளும் அதேதான், குண்டு குண்டான பள்ளிக்கூடத்து எழுத்தில், அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து.

“அம்மணி, தாடையைக் கொஞ்சம் எறக்கு” என்றார் சென்னியப்பன். நாலு வருஷமாகக் குழறுகிற நாக்கு இந்த வார்த்தைகளில் மட்டும் குழறவில்லை. மடியிலிருந்த வலது கை எழுந்தது. சட்னி காய்ந்த நகத்தோடு, புறங்கையில் பச்சை நரம்பு புடைத்து, நடுங்காமல் எழுந்து வளர்மதியின் தாடைக்குப் போயிற்று, தாடையைத் தொட்டு இறக்கிவிட்டு, கழுத்தோரமாகத் தோளுக்கு, அங்கே மடித்துக் குத்தியிருந்த ஊக்கைத் தேடியது. “ஆங். அப்படியே இரு. லூசா விடு.” வளர்மதி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, எடுத்து, அவர் முழங்கால்மேல் வைத்து, வலது கையால் பக்கத்தில் தயாராகச் சுருட்டி வைத்திருந்த துண்டை அந்த விரல்களுக்குள் திணித்து, விரல்களை மூடினாள். கேஸ் அடுப்பை அணைக்கிற மாதிரி, பேசாமல், ஒரே வீச்சில். ஸ்டூலையும் ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டாள். அந்த நேர்த்தியைப் பார்த்ததும் ருக்மணிக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. புதிதாக நடக்கிற காரியத்துக்கு இந்த நேர்த்தி வராது. தினம் நடந்திருக்கிறது. தினம் அவள் கழுவின பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், இந்தப் பெண்பிள்ளை துண்டைச் சுருட்டித் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பார்த்து வந்த குமட்டல் இத்தனை வருஷமாகத் தெரிந்த குமட்டல்தான். இன்றைக்கு அது அவரைத் தாண்டி வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. தன் கையையே பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

“வளரு” என்றாள். “இது தெனமும் நடக்குதா?”

வளர்மதி திரும்பவில்லை. “எழுதியிருக்கறனுங்களேம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல.”

“ஒருநாள் சொல்ல வந்தனுங்க. நீங்க கொழாயத் தொறந்துட்டீங்க.” குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், இட்லித் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தபடி சொன்னாள். “பரவால்லீங்க. எனக்கு இந்த வீட்டு வேல வெள்ளிக்கெழமையோட முடியுதுங்க. வேற வீடு கேட்டிருந்தேன், மாத்திக் குடுத்துட்டாங்க. உங்களுக்கு ஆள் இல்லாம உட மாட்டாங்க. நர்சிங் முடிச்சு புதுசா ஒரு புள்ள சேந்திருக்குது, இருபத்தியோரு வயசு, அந்தப் புள்ள திங்கக்கெழம வருமுங்க.”

ஆள் வருகிறது. ருக்மணியின் நெஞ்சு லேசானது. இதை அவள் பிற்பாடு எத்தனை தேய்த்தாலும் போக்க முடியாது, முதலில் வந்தது அதுதான், நிம்மதி. ஆள் வருகிறது, வைத்தியம் நிற்காது, தூக்கம் போகாது, நெற்றியில் இனித் தையல் விழாது. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் இருபத்தியோரு வயசு என்பது காதில் விழுந்தது. அந்தப் புள்ள திங்கட்கிழமை காலையில் அந்த ஸ்டூலில் உட்காரும். புதுசு, துண்டைச் சுருட்டி வைக்கத் தெரியாது. வயசானவர், நோயாளி, கையைத் தட்டிவிட்டால் தப்போ என்று நினைத்துக்கொண்டு, கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி அடுப்படி வாசலைப் பார்க்கும். “எதனால மாத்தல் கேட்டேன்னு ஏஜென்சில சொன்னியா?” “சொன்னனுங்க. நோயாளிதான கண்ணு, மறதி நோய்ல அப்பிடித்தான் இருப்பாங்க, மனசுல வெச்சுக்காதேன்னு சொன்னாங்க.” “நீ என்ன சொன்னே?” “நான் என்னத்தச் சொல்றதுங்க? அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டேன். பழைய கத எனக்கெங்கீங்க தெரியும்?” பழைய கதை தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தருக்குத் தன் பேரே தெரியாது. ருக்மணி வாயை மூடிக்கொண்டால், இந்த நிமிஷத்திலிருந்து அப்படி ஒன்று நடக்கவேயில்லை. எல்லாம் நோய். டாக்டரும் நோய் என்பார், நளினி ஒன்றும் கேட்க மாட்டாள், சொந்தக்காரர்கள் பாவம் என்பார்கள், செத்தால் மாலை போட்டுப் பேப்பரில் போடுவார்கள், ராசியான கேமரா என்று. எவ்வளவு சௌகரியமான நோய். அவளுக்கும்கூடக் கொஞ்சம் வந்துவிட்டால் நல்லது. மணி எட்டாக இரண்டு நிமிஷம்.

எழுந்தாள். அட்டை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சமையலறைக்குப் போகிறாள் என்றுதான் வளர்மதி நினைத்திருக்க வேண்டும், ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பழையபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ருக்மணி அலமாரிமேல் இருந்த போனை எடுத்து, ஏஜென்சி நம்பரைத் தேடி, அந்த வெளிச்சம் படுகிற இடத்திலேயே நின்றாள். மணி அடிக்கும்போது வைத்துவிடலாமா என்று ஒருதடவை விரல் போயிற்று. அதற்குள் எடுத்துவிட்டார்கள். மேனேஜர் போலிருக்கிறது, நடுவயசு ஆம்பிளைக் குரல்.

“சென்னியப்பன் வீட்லருந்து பேசறனுங்க. திங்கக்கெழம வாற புள்ளய அனுப்ப வேண்டாமுங்க. ஆம்பிள ஆளா அனுப்புங்க.”

“ஏனுங்கம்மா? நல்ல புள்ளைங்க அது, கை சுத்தம். ஆம்பிள ஆளு கெடைக்க ஒரு மாசமாவது ஆகுமுங்களே.”

ஒரு மாசம். ஒரு மாசம் அவள் ஒருத்தியாக. “ஆகட்டுமுங்க. அவரு பொம்பளைங்க மேல கை வைக்கறாருங்க.”

“அட, அதுங்களா.” குரல் இளகியது, சிரித்த மாதிரிகூட இருந்தது. “அது நோயிங்கம்மா. அவருக்கே தெரியாதுங்க, பாவம். எங்க புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித்தான் அனுப்பறோம். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க.”

வளர்மதி தட்டும் கையுமாக எழுந்து நின்றுவிட்டாள். அவர் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார். ருக்மணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடம்பு பூராவும் வியர்த்து நாற்றமெடுத்தது. அது அவளுடைய நாற்றம்.

“நோய் வந்து நாலு வருசந்தானுங்க ஆச்சு. இது முப்பது வருசத்துக்கு முந்தியே உண்டுங்க. போட்டோ எடுக்க வந்த புள்ளைங்ககிட்டயெல்லாம் இதே கைதான். அந்தப் புள்ளைங்கள ஜோடிச்சு உள்ள அனுப்பிட்டு, அம்மாக்காரிங்க எந்திரிக்காம வெளிய உக்கார வெச்சுக்கிட்டது நான்.”

வைத்துவிட்டாரோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது குரல் வேறாக இருந்தது.

“நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?”

“சம்சாரம்” என்றாள் ருக்மணி.